மின்னஞ்சலில் கணக்கு குலையாமல் இருக்க: வாசகர் கேள்வி–பதில்

பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் ஆகிய இரண்டு ஊர்களிலிருந்தும், வேறு பல எல்லையோர ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில், மின்னஞ்சலில் எழுதிய கணக்கு படிப்பவரிடம் வேறு கணக்காகப் போய்ச் சேர்கிறது என்ற முறையீடு திரும்பத் திரும்ப வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். இங்கு எக்ஸ், ஒய், ஏ, பி என்று ஒலிப்படி அச்சிட்டிருக்கும் இடங்களில், கடிதம் எழுதும்போது வாசகர்கள் வழக்கமான ஆங்கில எழுத்துகளையே அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அடுக்குக்குறி விதிகளில் ஒரு பயிற்சித்தாளைக் கணினியில் தயாரித்து, அதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி மாணவர்களுக்கு அனுப்பினேன். என் திரையில் 2¹⁰ ÷ 2⁷ என்று சரியாகத் தெரிந்த கணக்கு, சிலருக்கு 210 ÷ 27 என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களும் சிரத்தையாக வகுத்து 7.78 என்று விடை அனுப்பியிருக்கிறார்கள். ஒரே கடிதம் சிலருக்குச் சரியாகவும் சிலருக்குப் பிழையாகவும் தெரிவது எப்படி?
— கணித ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: சரியான விடை 8. மாணவர்களுக்குக் கிடைத்த 7.78 அதற்கு மிக அருகில் இருப்பதுதான் இதிலுள்ள ஆபத்து. விடையை மட்டும் பார்ப்பவர், பிள்ளை எங்கோ தசமத்தில் தடுமாறியிருக்கிறான் என்று எண்ணிக் கடந்துவிடுவார். வினாவே மாறிப்போனது அவர் கண்ணில் படாது.

ஒரே கடிதம் இரண்டு விதமாகத் தெரிவதற்குக் காரணம், அது பெரும்பாலும் இரண்டு பிரதிகளாகவே பயணம் செய்கிறது என்பதுதான். ஒன்று தடித்த எழுத்து, சாய்வெழுத்து, மேலெழுத்து போன்ற அலங்காரங்களைச் சுமக்கும் எச்டிஎம்எல் பிரதி. மற்றொன்று எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துப் பிரதி. இவற்றில் எதைக் காட்டுவது என்பதைப் பெறுபவரின் செயலியும் அதன் அமைப்பும் முடிவு செய்கின்றன. நீங்கள் கணினியில் 10 என்பதை மேலே ஏற்றியபோது புதிய எழுத்து எதுவும் உருவாகவில்லை. 1, 0 என்ற அதே இலக்கங்களோடு, இவற்றைச் சிறிதாக்கி உயர்த்திக் காட்டு என்ற ஒரு கட்டளை ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. வெறும் எழுத்துப் பிரதியில் அந்தக் கட்டளைக்கு இடமில்லாததால் அது உதிர்ந்துவிட, இலக்கங்கள் மட்டும் இறங்கி 2-க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. முதலில் சரியாகத் தெரிந்த கடிதமும், யாராவது அதற்குப் பதில் எழுதும்போதோ, வேறொரு செயலிக்கு எடுத்து ஒட்டும்போதோ இதே கதிக்கு உள்ளாகலாம். உங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: 5 × 10⁻³ என்பது 5 × 10-3 என்று இறங்கிவிட்டால், 0.005 இருக்க வேண்டிய இடத்தில் 47 வந்து நிற்கும்.

தாளில் எழுதும் கணக்கு தன் பொருளில் பாதியை இடத்தால் சொல்கிறது: மேலே, கீழே, கோட்டுக்கு அடியில், மூலக்குறியின் கூரைக்குள். மின்னஞ்சல் உறுதியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோ எழுத்துகளின் வரிசையை மட்டுமே. ஆகவே, இடத்தால் சொன்னதையெல்லாம் வரிசையிலேயே நிற்கும் குறிகளால் சொல்லிவிட வேண்டும். அடுக்குக்கு அந்தக் குறி ^ என்பது. கணினி விசைப்பலகையில் ஷிப்ட் விசையுடன் 6-ஐ அழுத்தினால் வரும். 2^10 ÷ 2^7 என்று அனுப்பியிருந்தால் எந்தப் பிரதியிலும் அது மாறியிருக்காது. அடுக்கு ஓர் இலக்கத்துக்கு மேல் சிக்கலாக இருந்தால் அடைப்புக்குறி போடுங்கள்: 10^(-3), 2^(எக்ஸ்+1). இந்தக் குறிக்கு ஒரு சிறு வரலாறும் உண்டு. 1963-இல் வெளியான ஆஸ்கி எழுத்துப் பட்டியலில் இதே இருக்கையில் மேல்நோக்கிய அம்புதான் இருந்தது. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அம்பு போய் இந்தக் கூரைக்குறி வந்தது. அதற்கும் முன்பே, 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழி, மேலே ஏற்றும் வசதியே இல்லாத துளையட்டைகளில் இரட்டை நட்சத்திரத்தை அடுக்குக்குப் பயன்படுத்தியது. இன்றும் சில நிரல்மொழிகளில் அது நீடிக்கிறது.

² , ³ போன்ற தனி எழுத்துகளும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை உண்மையான எழுத்துகள், கட்டளைகள் அல்ல, எனவே உதிர்வதில்லை. ஆனால் ¹, ², ³ ஆகிய மூன்றும் ஒருங்குறிப் பட்டியலில் ஒரு பகுதியிலும், மற்ற மேலெழுத்து இலக்கங்கள் வேறொரு பகுதியிலும் இருப்பதால், சில எழுத்துருக்களில் அவை ஒரே உயரத்தில் நிற்பதில்லை; கைபேசித் திரையில் ⁶ எது ⁸ எது என்று கண்டுபிடிக்க மூக்குக் கண்ணாடி தேவைப்படும். வர்க்கத்துக்கும் கனத்துக்கும் தனி எழுத்தைத் துணிந்து பயன்படுத்துங்கள். அதற்கு மேல் ^ குறியே நல்லது. உங்கள் மாணவர்களுக்கு அது புதிதாகவும் இருக்காது. கேரளப் பள்ளிகளின் கணினி வகுப்பில் ஜியோஜீப்ராவைத் திறந்து, எக்ஸ்^2 என்று உள்ளிட்டுப் பரவளையம் வரைந்த பிள்ளைகள்தானே அவர்கள்.

கேள்வி: கோட்டுக்கு மேலே 3 + 5, கீழே 4 − 2 என்று புத்தகத்தில் இருந்த பின்னத்தை ஒரே வரியில் 3+5/4-2 என்று அடித்து அனுப்பினேன். பெற்றோர் ஒருவர் கணிப்பானில் போட்டுப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் விடை 4 என்றிருக்கிறது, எனக்கு 2.25 வருகிறதே என்று கேட்கிறார். யார் பக்கம் சரி?
— தனிப்பயிற்சி ஆசிரியர், வேலந்தாவளம்

பதில்: இருவர் பக்கமும் சரி. புத்தகம் அச்சிட்டதற்கு விடை 4. நீங்கள் அடித்ததற்கு விடை 2.25. பின்னக்கோடு வெறும் வகுத்தல் குறி அன்று. மேலே உள்ளது முழுவதையும் ஒரு தொகுப்பாகவும் கீழே உள்ளது முழுவதையும் மற்றொரு தொகுப்பாகவும் கட்டிவைக்கும் அடைப்புக்குறி வேலையையும் அது பேசாமல் செய்துகொண்டிருக்கிறது. கோட்டைச் சாய்த்து / ஆக்கும்போது அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போகிறது. நாம்தான் (3+5)/(4-2) என்று ஆளை நிறுத்த வேண்டும். மூலக்குறியின் மேல்கோடும் இதே வகையைச் சேர்ந்தது. குறியோடு அந்த மேல்கோட்டைச் சேர்த்து எழுதும் வழக்கத்தை 1637-இல் தெகார்த் அச்சேற்றினார். அந்தக் கோடு எதுவரை நீள்கிறதோ அதுவரை மூலத்துக்குள் அடங்கும். ஒரே வரியில் கோடு நீளாது. √(9+16) என்றால் 5; √9+16 என்றால் 19.

1/2எக்ஸ் என்று மட்டும் ஒருபோதும் அனுப்பாதீர்கள். அது எக்ஸின் அரைப்பங்கா, அல்லது 2எக்ஸ் கீழே நிற்கும் பின்னமா என்பதில் கற்றறிந்தவர்களே ஒத்துப்போவதில்லை. (1/2)எக்ஸ் அல்லது 1/(2எக்ஸ்) என்று எழுதினால் வழக்குக்கு இடமில்லை. குறைக்குறியும் அப்படித்தான். -3^2 என்பதைக் கணித மரபு -9 என்று வாசிக்கும். எக்செல் கட்டத்தில் அதையே சமக்குறியுடன் அடித்தால் 9 என்று வரும். 2^3^2 என்பதை மரபு மேலிருந்து தொடங்கி 2^9 ஆக்கி 512 என்னும். எக்செல் இடமிருந்து தொடங்கி 64 என்னும். உங்கள் கடிதத்திலிருந்து கணக்கை எடுத்து எதில் ஒட்டிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதாகையால், போட்மாஸ் விதியை நம்பி அடைப்புக்குறியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அதே நேரத்தில், அடைப்புக்குறிகள் நான்கு அடுக்காகக் குவிந்துவிட்டால் படிப்பவர் விரல் வைத்து எண்ண வேண்டியிருக்கும். அங்கு வேறு வழி இருக்கிறது: கோவையைத் துண்டாக்கி, துண்டுக்குப் பெயரிடுவது. இருபடிச் சமன்பாட்டின் தீர்வை எக்ஸ் = (-பி ± √(பி^2 - 4 ஏ சி))/(2 ஏ) என்று ஒரே வரியில் எழுதலாம்; ஆனால்

டி = பி^2 - 4 ஏ சி
எக்ஸ் = (-பி ± √டி)/(2 ஏ)

என்று இரண்டு வரியாக எழுதினால் கரும்பலகையில் எழுதியது போலவே தெளிவாக இருக்கும். கடைசியில் உள்ள (2 ஏ) அடைப்புக்குறியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏ-யின் மதிப்பு 1 ஆக இருக்கும் கணக்குகளில் அந்தப் பிழை வெளியே தெரியாது. 2 ஆக இருக்கும் முதல் கணக்கில், 2-ஆல் வகுத்து உடனே 2-ஆல் பெருக்கி, வகுக்காத எண்ணே விடையாக வந்து நிற்கும். கீழெழுத்துக்கு அடிக்கோட்டுக்குறி போதும்: சாய்வு = (ஒய்_2 - ஒய்_1)/(எக்ஸ்_2 - எக்ஸ்_1).

பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்தைப் போட வேண்டாம். × என்ற குறியே இன்று எல்லாக் கருவிகளிலும் ஒழுங்காகப் போகிறது. நட்சத்திரக்குறி கணினிக்குப் பிடித்தது என்றாலும், இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் அகப்படுவதைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு நட்சத்திரங்களை விழுங்கிவிடும் செயலிகள் உண்டு. அடைப்புக்குறிக்குள் சி என்ற ஆங்கில எழுத்தை அடித்த உடனே அதைக் காப்புரிமைக் குறியாக்கும் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவையுங்கள்.

கேள்வி: எங்கள் கடைக்கு வரும் வட்டிக் கணக்கு மின்னஞ்சல் ஒன்றில், ஒவ்வொரு சமக்குறிக்குப் பின்னும் 3 என்ற எண்ணும் டி என்ற ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ‘வட்டி =3டி 12000 × 9/100’ என்று நிற்கிறது. சில வரிகளின் கடைசியில் காரணமில்லாமல் ஒரு சமக்குறியும் தொங்குகிறது. அனுப்புபவர் தாம் அப்படி அடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்.
— ஜவுளிக்கடைக் கணக்கர், நகரி

பதில்: அவர் சொல்வது உண்மை. மின்னஞ்சலின் அடிப்படை விதிமுறைகள் 1982-இல் வகுக்கப்பட்டபோது, கடிதம் என்பது ஆஸ்கி பட்டியலில் உள்ள 128 குறிகளால் ஆனது என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பட்டியலில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, ± குறியும் இல்லை. பிறகு 1992-இல் மைம் என்ற ஏற்பாடு வந்து, பட்டியலுக்கு வெளியே உள்ள எழுத்துகளை, பட்டியலுக்குள் உள்ள குறிகளாலேயே மறைமுகமாக எழுதி அனுப்பவும், போய்ச் சேர்ந்த இடத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. அதில் ஒரு முறை, பட்டியலுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு துண்டையும், ஒரு சமக்குறியும் அதன் பின் பதினாறடி முறையில் இரண்டு இலக்கங்களுமாக எழுதுவது. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது: சமக்குறியே மாற்றெழுத்தின் அடையாளமாகிவிட்டால், கணக்கில் வரும் உண்மையான சமக்குறியை எப்படி எழுதுவது? அதையும் மாற்றியே எழுத வேண்டும். சமக்குறியின் ஆஸ்கி எண் 61. பதினாறடி முறையில் டி என்பது 13-ஐக் குறிக்கும்; 3 × 16 + 13 = 61. அந்த 3டி தான் உங்கள் கடைக்கு வந்திருக்கிறது. வரிக்கடைசியில் தொங்கும் சமக்குறிக்குப் பொருள், வரி இன்னும் முடியவில்லை, அடுத்த வரியோடு சேர்த்துக்கொள் என்பது. இம்முறையில் ஒரு வரி 76 குறிகளைத் தாண்டக் கூடாது.

தமிழ் எழுத்துகளுக்கு இந்த முறை பெரும் சுமை. ‘க’ என்ற ஓர் எழுத்து ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் மூன்று துண்டுகள்; ஒவ்வொரு துண்டும் மூன்று குறிகளாக எழுதப்படுவதால் ஒன்பது குறிகள். ‘கி’ என்றால் பதினெட்டு. ஒரு வரியில் எட்டு ‘க’ வைத்தால் வரி நிறைந்துவிடும்.

உங்களுக்கு வரும் கடிதம் மாற்றெழுத்திலேயே வருகிறது, ஆனால் அது மாற்றெழுத்து என்று உறையில் எழுதப்படவில்லை என்று தோன்றுகிறது. பழைய கணக்கு மென்பொருள்கள் தாமாக அனுப்பும் கடிதங்களில் இது அடிக்கடி நேரும். அனுப்புபவரிடம் மென்பொருளின் குறியாக்க அமைப்பை யுடிஎஃப்-8 என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கணக்கைத் தனிக் கோப்பாக இணைக்கச் சொல்லுங்கள். கையில் இருப்பதைத் திருத்த வேண்டுமானால், முதலில் சமக்குறியில் முடியும் வரிகளை அடுத்த வரியோடு சேர்த்துவிட்டு, மற்ற மாற்றெழுத்துகள் ஏதேனும் இருந்தால் அவற்றை மாற்றிவிட்டு, கடைசியாக =3டி என்பதை = என்று மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் புதிதாகத் தோன்றும் சமக்குறிகளே மாற்றெழுத்துப் போல மயக்கும். எக்காரணத்துக்காகவும் டி என்ற எழுத்தை மட்டும் அழிக்காதீர்கள். 3 மிஞ்சி, 12000-க்கு முன்னால் நின்றுகொள்ளும்; அது 312000 ஆக வெகுநேரம் ஆகாது.

கேள்வி: வட்டத்தின் சுற்றளவு என்று எழுதிய இடத்தில் பை குறி, தோழியின் கணினியில் பி என்ற ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. ஏன்?
— பிளஸ் டூ மாணவி, பாறசாலை

பதில்: நீங்கள் சிம்பல் என்ற பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அடித்திருப்பீர்கள். அதில் பை குறி, பி எழுத்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ஃபா, ஏ எழுத்தின் இருக்கையில். எழுத்துரு உதிர்ந்ததும் இருக்கைக்கு உரியவர் வந்துவிடுகிறார். ஒருங்குறிக்கு முன் தமிழைப் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து அனுப்பி, எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகப் பார்த்த தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும். ஒருங்குறியில் உள்ள பை எழுத்தை எடுத்துப் போடுங்கள். அல்லது ‘பை’ என்றே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். 3 × 3 அணி ஒன்றை இடைவெளி விட்டு அழகாக நிரல்படுத்தி அனுப்பினாலும், நண்பர்களின் கைபேசியில் எண்கள் கலைந்து கிடக்கின்றன. ஒரு முறை ஐந்து உறுப்புள்ள நிரை வந்ததாகக்கூடச் சொன்னார்கள்.
— மாணவர், மூணாறு

பதில்: இடைவெளியால் நிரல்படுத்துவது, எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில் மட்டுமே நிற்கும். மின்னஞ்சல் செயலிகள் காட்டும் வழக்கமான எழுத்துருவில் இடைவெளியும் குறைக்குறியும் இலக்கத்தைவிட ஒடுக்கமானவை. போதாததற்கு, எச்டிஎம்எல் தொடர்ச்சியான பல இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கிவிடும் இயல்புடையது. நடுவில் தமிழ்ச் சொல் ஒன்றை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ‘ர’வும் ‘ணௌ’வும் எந்த எழுத்துருவிலும் ஒரே அகலத்தில் அடங்குவதில்லை.

ஆகவே அணியை நிற்கவைக்க முயலாமல் படுக்கவைத்துவிடுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் நிரை நிரையாக, உறுப்புகளுக்கு இடையில் காற்புள்ளியும் நிரைகளுக்கு இடையில் அரைப்புள்ளியும் இட்டு எழுதுவது கணினிப் புலத்தில் பரவலான வழக்கம்:

[1, 2, 0; 0, 1, 3; 2, 0, 1]

இதை எங்கே உடைத்தாலும் பொருள் மாறாது. ஐந்து உறுப்புள்ள நிரை எப்படி வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதியிருந்தால், அது மூன்று உறுப்புகளாக வாசிக்கப்பட்டிருக்கும். 3 உறுப்புள்ள நிரை 5 ஆகிவிடும். அணிக்குள் 100000 என்று காற்புள்ளியின்றி எழுதுங்கள்.

நீளமான சமன்பாடுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மின்னஞ்சல் விதிமுறை, ஒரு வரி 998 குறிகளைத் தாண்டவே கூடாது என்றும், 78-க்குள் இருப்பது நலம் என்றும் சொல்கிறது. நீங்களாக உடைக்காவிட்டால் செயலி தனக்குத் தோன்றிய இடத்தில் உடைக்கும். அச்சில் தனியாக நிறுத்தும் சமன்பாட்டைக் குறிக்கு முன்னால் உடைத்து, அடுத்த வரியைக் கூட்டல் குறியோடு தொடங்குவது வழக்கம். மின்னஞ்சலில் நான் இதற்கு நேர்மாறாகவே பரிந்துரைப்பேன்: கூட்டல் குறியை மேல்வரியின் கடைசியில் விட்டுவிட்டு உடையுங்கள். வரியின் தொடக்கத்தில் குறைக்குறி வந்தால் சில செயலிகள் அதைப் பட்டியலின் புள்ளியாக்கிவிடும்; > குறி வந்தாலோ, அது முந்தைய கடிதத்திலிருந்து எடுத்துக்காட்டிய வரி என்று எண்ணி, நிறம் மாற்றி ஒதுக்கிவைக்கும். சமனின்மைக் கணக்கில் பாதிச் சமனின்மை வேறொருவர் எழுதியதாகத் தெரிவது அப்படித்தான்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? தாளில் எழுதிப் படம் எடுத்து இணைத்துவிட்டால் ஆகாதா?
— வாசகர், வாளையார்

பதில்: வடிவியல் படத்துக்கு அதுவே சிறந்த வழி. சமன்பாட்டுக்குப் படம் துணையாக இருக்கலாம், தனியாக இருக்கக் கூடாது. படத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் பதிலில் ஒட்ட முடியாது. அடுத்த ஆண்டு தேடினாலும் அகப்படாது. சில அஞ்சல் செயலிகள் கேட்ட பிறகே படத்தைத் திறக்கும். அடுத்த கேள்வி எழுப்பும் காரணம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது.

கேள்வி: என் மகள் பார்வைக் குறைபாடுள்ளவள்; மின்னஞ்சலைத் திரைவாசிப்பான் மூலம் கேட்டுப் படிக்கிறாள். தமிழும் ஆங்கிலமும் தடையில்லாமல் வருகின்றன. கணக்கு மட்டும் படமாக வந்தால் ‘படம்’ என்று ஒரு சொல் ஒலித்து முடிந்துவிடுகிறது. எழுத்தாக வந்தால் அடைப்புக்குறிகள் காதில் விழுவதில்லை. ஆசிரியர்களிடம் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
— பெற்றோர், பாலக்காடு

பதில்: முதலில் உங்கள் பக்கம் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில், நிறுத்தக்குறிகளை எந்த அளவுக்கு வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று அமைக்கலாம். கதை படிக்க வசதியான அளவில் வைத்திருந்தால் அடைப்புக்குறிகளும் குறைக்குறியும் மௌனமாகக் கடந்துபோகும். கணக்குக் கடிதம் திறக்கும்போது அளவை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. மேலே ஏற்றிய எழுத்துகளைத் தவிர்த்து ^ குறியால் எழுதச் சொல்லுங்கள். ஏனெனில் அலங்காரத்தால் மட்டும் மேலேறிய 2¹⁰ என்பதை வாசிப்பான் இருநூற்றுப் பத்து என்று வாசித்துவிடக்கூடும். முக்கியமான சமன்பாட்டை ஒரு முறை சொற்களாலும் எழுதச் சொல்லுங்கள். அதில் தொடக்கமும் முடிவும் சொல்லப்பட வேண்டும் என்பதே முக்கியம். ‘மூன்று கூட்டல் ஐந்து வகுத்தல் நான்கு கழித்தல் இரண்டு’ என்றால் வேலந்தாவளத்து ஆசிரியருக்கு நேர்ந்ததே நேரும். ‘பின்னம் தொடக்கம், தொகுதி 3 கூட்டல் 5, பகுதி 4 கழித்தல் 2, பின்னம் முடிவு’ என்றால் ஐயமில்லை. பார்வையற்ற கணித அறிஞரான ஆபிரகாம் நெமத், கணிதத்துக்கென்று தாம் வகுத்த பிரெய்ல் குறியீட்டில் பின்னத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனிக் குறி வைத்தார். பின்னாளில் கணக்கை வாய்விட்டு வாசிக்க அவர் வகுத்த முறையும் அதே வழியில் சென்றது.

சொற்களால் கணக்கு எழுதுவது குறைபட்ட வழி என்று எந்த ஆசிரியராவது தயங்கினால், பாலக்காட்டுக்குத் தெற்கே சங்கமகிராமத்து மாதவனை நினைவூட்டலாம். பதினான்காம் நூற்றாண்டில், ஒன்றிலிருந்து மூன்றிலொரு பங்கைக் கழித்து, ஐந்திலொரு பங்கைக் கூட்டி, ஏழிலொரு பங்கைக் கழித்து, இப்படியே முடிவின்றிப் போனால் பையின் நான்கிலொரு பங்கு கிடைக்கும் என்ற தொடரைக் கண்டவர் அவர். அவர் வழிவந்தவர்கள் அதைச் செய்யுளாகவும் உரைநடையாகவுமே எழுதிவைத்தார்கள். இன்றைய குறிகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

கேள்வி: முதுகலைக் கணிதம் படிக்கிறேன். வழிகாட்டிக்கு லேடெக்ஸ் கட்டளைகளாகவே சமன்பாடுகளை அனுப்புகிறேன், அவர் புரிந்துகொள்கிறார். நகல் பெறும் மற்றவர்கள் டாலர் குறிகளைப் பார்த்து மிரள்கிறார்கள். மின்னஞ்சல் அவற்றைச் சமன்பாடாகவே காட்ட வழியில்லையா?
— மாணவர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: நம்பத்தக்க வழி இன்னும் இல்லை. 1978-இல் டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக்கும், அதன் மேல் எண்பதுகளில் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக்ஸும் அச்சுக்கோப்புக் கருவிகள். கட்டளையைப் படித்துப் பக்கத்தை அமைக்க ஒரு மென்பொருள் ஓட வேண்டும். இணையப் பக்கங்களில் அந்த வேலையை மேத்ஜாக்ஸ் போன்ற சிறு நிரல்கள் செய்கின்றன. கடிதத்துக்குள் நிரல் ஓடுவதை அஞ்சல் செயலிகள் பாதுகாப்புக் கருதி அனுமதிப்பதில்லை. அந்தத் தடை இருப்பதே நமக்கு நல்லது. நிரலே தேவைப்படாத மேத்எம்எல் என்ற வடிவம் 1998-இலேயே வகுக்கப்பட்டாலும், குரோம் உலாவியில் அது நிலையாக இடம்பெற 2023 ஆயிற்று. அஞ்சல் செயலிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

லேடெக்ஸ் அறிந்தவருக்கு அதையே அனுப்புவதில் தவறில்லை. ஆனால் உங்கள் ஆய்வேட்டின் தலைப்பகுதியில் நீங்களே வகுத்துக்கொண்ட சுருக்கக் கட்டளைகளை விரித்துவிட்டு அனுப்புங்கள். உங்களுக்கு இரண்டெழுத்து; அவருக்கு அது விடுகதை. மற்றவர்களும் படிக்கும் கடிதமானால், சமன்பாடுகளைப் பிடிஎஃப் கோப்பாக இணைத்து, கடிதத்தின் உடலில் முடிவை மட்டும் மேலே சொன்ன ஒருவரி முறையில் எழுதுங்கள். இணைப்பைத் திறக்காமலே முடிவைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள்தான் நகல் பெறுவோரில் மிகுதி.

கேள்வி: பழைய நிலக்கணக்குகளில் உள்ள முந்திரி, மாகாணி போன்ற பின்னங்களை அவற்றின் குறியோடு பேரனுக்கு மின்னஞ்சலில் அனுப்ப ஆசை. முடியுமா? ஒன்றரை என்பதை நான் 1 1/2 என்று எழுதினால் அவன் ஐந்தரை என்று வாசிக்கிறான்.
— ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், சித்தூர் (ஆந்திரம்)

பதில்: 2019-இல் வெளியான ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில், தமிழுக்குத் துணைப்பகுதி ஒன்று சேர்க்கப்பட்டு, பின்னங்களுக்கும் பழைய அளவைகளுக்கும் உரியவையாக 51 குறிகள் இடம்பெற்றன, முந்திரியும் அவற்றுள் உண்டு. ஆனால் பேரனின் கைபேசியில் அதற்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டமே தெரியும். எனவே குறியைப் போட்டாலும், பக்கத்தில் முந்திரி 1/320, மாகாணி 1/16 என்று சொல்லும் எண்ணும் சேர்த்தே எழுதுங்கள். பழைய ஏட்டின் பக்கத்தைப் படமெடுத்து இணைப்பதற்கும் இது பொருத்தமான இடம்.

பேரன் ஐந்தரை என்று வாசித்ததில் வியப்பில்லை. நடுவில் உள்ள இடைவெளி சுருங்கினால் 1 1/2 என்பது 11/2 ஆகிவிடும். ½, ¼, ¾ மூன்றும் பரவலாகக் கிடைக்கும் தனி எழுத்துகளாகையால் 1½ என்று எழுதலாம். மற்ற கலப்புப் பின்னங்களுக்கு நடுவில் கூட்டல் குறியை வெளிப்படையாகவே போட்டுவிடுங்கள்: 2 + 3/8.